முத்திரை விழுந்த கோட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றே முக்கால் மணிக்குத் தெல்ஃபீனா ப்ரோஜி அந்தக் கோட்டின் அக்குளுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே ஓடியிருந்த தையல் அவள் போட்டது இல்லை.

கைத்தையல் விரலுக்குத் தெரியும். ஒன்று ஒரு நூல் நீளமாக இருக்கும், அடுத்தது ஒரு நூல் குட்டையாக இருக்கும், மெழுகு தடவிய நூல் லேசாகப் பிசுபிசுக்கும். இது வழவழவென்று ஒரே அளவாக ஓடியது. கோட்டைத் திருப்பிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மெஷின் தையல், வெள்ளை பாலியஸ்டர் நூல். அதைவிட மோசம், அக்குளின் அடிப்பக்கத்துப் பட்டு இரண்டு விரற்கடை ஆழத்துக்கு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும்.

காலரின் உட்புறத்தில் தேர்வுக்குழு வியாழக்கிழமை வைத்த சிவப்பு அரக்கு முத்திரை குத்துக்கல் மாதிரி அப்படியே இருந்தது. அந்த முத்திரை விழுந்த பிறகு துணியில் வேறு ஊசியோ நூலோ ஏறினால் அந்த உடுப்பைப் போட்டவன் குதிரை ஏற முடியாது. மூன்றரைக்கு ஊர்வலம், ஐந்துக்குப் பந்தயம்.

எங்கள் மொந்தெலூரோவில் ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிறு நெருங்கினால் நாலு பேட்டைக்காரர்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். பேட்டைக்கு ஒரு வீரன். குதிரையை நாலுகால் பாய்ச்சலில் விட்டு, உள்ளங்கை அகல வளையத்தை ஈட்டி முனையில் கோத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று சுற்று, மூன்று வளையம். இதற்காக வருஷம் முழுக்கச் சண்டை போடுகிற ஊர் இது. உடுப்பெல்லாம் நானூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய வெட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பார்க்க அழகாக இருந்தால் மட்டும் போதாது. தேர்வுக்குழு பூதக்கண்ணாடி வைத்துத் தையலை எண்ணும்.

தெல்ஃபீனா கிணற்றுப் பேட்டைக்காரி. வாசற்கதவைத் திறந்தால் கிணற்றடி, அந்த வீட்டில் பிறந்தவள். பதினேழு வயதில் பள்ளத்தாக்கில் இருந்த ஆண்கள் கோட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் கோட்டுகளுக்குக் கை மாட்டித் தைத்தாள். கை மாட்டுவது மட்டும்தான் வேலை. முன்பக்கம் எப்படி வருகிறது, முதுகு எப்படி வருகிறது என்று அவள் பார்த்ததே இல்லை. ஒரு நாளைக்கு எண்பது ஜோடிக் கைகள் அவள் மேஜையைக் கடந்து போயின. பிறகு வீட்டிலேயே ஜிப் மாற்றுவது, பேன்ட் மடிப்பது என்று உட்கார்ந்துவிட்டாள். இப்போது வயது ஐம்பத்தாறு. வீட்டுக்காரர் ஃபுல்வியோ பஸ் ஓட்டுகிறவர், பிறப்பால் கோட்டைவாசல் பேட்டை. பந்தய வாரம் வந்தால் சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார், திங்கட்கிழமை திரும்பி வருவார். முப்பது வருஷக் கல்யாணத்தில் முப்பது தடவை போயிருக்கிறார். கல்யாணம் வேறு, பேட்டை வேறு. இதில் யாரும் தப்புச் சொன்னதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் ஊர் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு நகல் படம் அவள் கைக்கு வந்தது. அந்தக் காலத்துத் தையல்காரன் ஒருவன், பிரபு ஒருவருக்குப் பட்டில் குறுங்கோட்டு வெட்டுவது எப்படி என்று போட்டு வைத்திருந்த கோடுகள். குறுகலான பட்டுத் துணியில் பதினைந்து துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இடுக்கி அடுக்கியிருந்தன. தையல் விளிம்பு எவ்வளவு, எது முதலில், எது பிறகு, ஒன்றும் கிடையாது. முழக் கணக்கு மட்டும் ஓரத்தில் கிறுக்கியிருந்தது. நகர மன்றச் சுவரில் பழைய முழக்கோல் இரும்பில் பதித்திருக்கிறதே, அதை அளந்து வந்து முதல் கோட்டை வெட்டினாள். அதற்குள் ஆளோடு ஒரு ஆட்டுக்குட்டியும் நுழையலாம் போலிருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டு கிடந்தவள், பிப்ரவரியில் ஒருநாள் ரொட்டி வாங்கப் போகும்போது அந்தச் சுவர் முன்னால் நின்றுவிட்டாள். அங்கே இரும்பு ஒன்று இல்லை, இரண்டு. நீளமானது கம்பளி முழம், நாலு விரற்கடை குட்டையானது பட்டு முழம். பட்டுக்கோட்டைக் கம்பளி முழத்தில் அளந்திருக்கிறாள். ஐம்பது வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டித்தான் போய் வந்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவள் வெட்டிய கோட்டுகள் உடம்பில் உட்கார்ந்த அழகைப் பார்த்து மற்றப் பேட்டைக்காரர்கள் வயிறெரிந்தார்கள். போன வருஷம் வரைக்கும்தான் அதெல்லாம்.

போன வருஷம் மூன்றாவது சுற்றில், எங்கள் வீரன் எலியோ ஈட்டிக் கையைத் தூக்கியபோது கோட்டு முழுசாக அவனோடு மேலே கிளம்பியது. காலர் வாயை மூடியது. கோட்டையும் கால்சட்டையையும் சேர்த்துக் கட்டியிருந்த நாடாக்கள் இடுப்பில் படபடவென்று அறுந்தன. நாலாயிரம் பேர் பார்க்க, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு வளையத்தை விட்டுவிட்டுப் போனான் எலியோ. மறுநாள் கோட்டைவாசல்காரர்கள் ஒரு சோளக்கொல்லைப் பொம்மைக்குக் கோட்டு மாட்டி, காலரை அதன் மூஞ்சிக்கு மேல் இழுத்துவிட்டு, எங்கள் கிணற்றடியில் நட்டுவிட்டுப் போனார்கள். அது யார் வேலை என்று ஃபுல்வியோவுக்குத் தெரியும். வருஷம் முழுக்க வீட்டில் அவர் கோட்டு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. அவள் மேல் அவ்வளவு பிரியம் அவருக்கு.

பேட்டைக்குள் அப்படி இல்லை. ரொட்டிக்கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. கோட்டு இறுக்கம், அதனால்தான் தூக்கியது என்று எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் அவள் கையிலிருந்து கத்தரியை வாங்கி நகரத்து வாடகை உடுப்புக்காரர்களிடம் கொடுத்துவிடுவது என்று கூட்டத்தில் பேசியது அவள் காதுக்கும் வந்தது. அவளுக்கு அந்த வேலை போனால் பேட்டையில் அவள் யார்? ஜிப் மாற்றுகிறவள். இந்த ஞாயிற்றுக்கிழமையில் அவளுடைய பெயர் முழுக்க புதிதாக வெட்டிய அந்த ஒரு கோட்டின் அக்குளில்தான் இருந்தது.

அதைத்தான் யாரோ வெட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. உடுப்பறைச் சாவி ஒரே ஆளிடம்தான் இருக்கிறது.

தார்ச்சீசியோ மற்ற நாளில் நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் நடத்துகிறவர். பந்தய வாரத்தில் வெல்வெட் தொப்பி ஏறிவிட்டால் கிணற்றுப் பேட்டையின் காப்டன். கூடவே குரலும் கனத்துவிடும். தெல்ஃபீனா போன் செய்ததும் வந்தார். கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். அதிலேயே விஷயம் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் ஊர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கோட்டைக் காரில் போட்டுக்கொண்டு, பக்கத்து ஊர் சூப்பர் மார்க்கெட்டில் பேன்ட் வெட்டிக் கொடுக்கிற கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். பத்து நிமிஷ வேலை என்று கடைக்காரன் சொன்னானாம். வியாழக்கிழமை எலியோ போட்டுப் பார்க்கும்போது அக்குளில் விரல் நுழையவில்லை, அவன் முகம் செத்துப்போயிற்று, பிறகு தனக்குத் தூக்கமே இல்லை என்று புலம்பினார்.

"நான் உனக்குக் கெடுதல் பண்ணணும்னு பண்ணல தெல்ஃபீனா. உன்னைக் காப்பாத்தத்தான் பண்ணினேன். மறுபடி அது தூக்கிச்சுன்னா உன்ன ஊர்ல நடமாட விட மாட்டாங்க."

"இப்போ தூக்கும்," என்றாள் தெல்ஃபீனா. "இப்பத்தான் நிச்சயமாத் தூக்கும்."

அந்த நேரத்தில் எலியோ உள்ளே வந்தான். டிராக்டர் மெக்கானிக், தெல்ஃபீனாவின் பள்ளித் தோழி மகன், ஓங்குதாங்கான உடம்பு. வெள்ளை உள்சட்டையும் கால்சட்டையும் போட்டு நின்றவன் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டான். தெல்ஃபீனா சொன்னாள். அவன் நேராக வாசலுக்குத் திரும்பினான். போன வருஷம் தன் வாய்க்குள் போனது காலர் இல்லை, துணி உருண்டை, மூச்சே நின்றது. இந்த வருஷமும் அதே மாதிரிக் கோட்டுதான் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

தெல்ஃபீனாவுக்கு அந்த இடத்தில் சுலபமான வழி ஒன்று இருந்தது. கோட்டை மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால், தோற்ற பிறகு காப்டனைக் கைகாட்டலாம். மெஷின் தையலே சாட்சி. இந்த எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை, நன்றாகவே வந்தது. ஆனால் அந்தப் பக்கம் போனால் அதற்குப் பின்னால் போன வருஷத்துப் பொய் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒரு வருஷமாகத் தொண்டையில் முள்ளாகக் கிடந்ததை அவள் அப்போது எடுத்தாள்.

"எலியோ, நில்லு. போன வருஷம் படம் தப்புன்னு சொன்னேன்ல? படம் தப்பில்ல. படத்துல இருக்கிற மாதிரி மொதல்ல சின்னதாத்தான் வெட்டினேன். நீங்க ரெண்டு பேரும் இறுக்குது, இறுக்குதுன்னீங்க. நானே கத்தரியை எடுத்து அக்குளை இறக்கினேன். இறக்கினா தூக்கும்னு எனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருஷம் கை மாட்டினவ நான். தெரிஞ்சே பண்ணிட்டு, பழியைத் தூக்கி அந்தச் செத்துப்போன தையக்காரன் தலையில போட்டேன்."

காப்டன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார். எலியோ வாசலிலிருந்து திரும்பி வந்தான். அவள் அவன் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். வெட்டு அக்குளோடு ஒட்டி மேலே இருந்தால் கை மட்டும் தூக்கும். கீழே இறங்கினால் கையோடு இடுப்புத் துணியையும் சேர்த்து இழுக்கும். இறுக்கமாகத் தோன்றுவதுதான் உண்மையில் விடுதலை. வியாழக்கிழமை அவனுக்கு அதை நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். ஊர் வாய்க்குப் பயந்து, ஆணையிடுகிறவள் மாதிரி மாட்டிவிட்டு வந்துவிட்டாள். அதுவும் தன் தப்புதான் என்றாள்.

"சரி அத்தை," என்றான் எலியோ. "இப்போ என்ன பண்றது? வெட்டின துணி வெட்டினதுதானே."

வெட்டினது வெட்டினதுதான். ஒட்டுப் போட ஊசி வேண்டும்; ஊசி போட முடியாது. மணி இரண்டு ஐந்து. காப்டன், கறுப்பு நூலால் மேலே ஒரு தையல் ஓட்டினால் யாருக்குத் தெரியும் என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினார்.

அவள் மறுபடி அக்குளுக்குள் விரலை விட்டாள். மேல்பாதித் தையல் அவளுடையது. கீழ்ப்பாதி மட்டும்தான் அந்நிய நூல். ஊசியும் நூலும் ஏறக்கூடாது என்றுதான் சட்டம். ஏறிய நூலை இறக்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை. இறக்கிவிட்டால் கை தோளில் மட்டும் தொங்கும், அக்குள் வாய்திறந்து நிற்கும். அப்போதுதான் பேட்டைக் கோயிலின் இடதுபக்கச் சுவர் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சுவர்ச் சித்திரத்தில் பிரபுவின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குதிரைக்காரனுக்கு அக்குள் திறந்து உள்சட்டை வெள்ளையாகப் பிதுங்கியிருக்கும். ஏழை, கிழிந்த சட்டை என்று சின்ன வயதிலிருந்து பரிதாபப்பட்டிருக்கிறாள். அது கிழிசல் இல்லை. வேலை செய்கிறவனுக்குக் கை தூக்க வேண்டியிருந்தது, அதனால் திறந்து வைத்தார்கள்.

சின்னக் கத்தரியை எடுத்துச் சன்னலோரம் உட்கார்ந்தாள். மெஷின் தையல் பூட்டுத் தையல். ஒவ்வொன்றாக நறுக்கி உருவ வேண்டும். கத்தரி முனை ஒரு மயிரிழை தவறினால் பட்டு ஓடிவிடும். கண்ணாடிக்குள் வியர்வை இறங்கியது. காப்டன் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டு, அவரை வெளியே போகச் சொன்னாள். வெளியே முரசுக்காரர்கள் தோலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கை முடிந்தபோது மணி இரண்டே முக்கால். தன்னுடைய தையல் முடிகிற இடத்தில் அது மேலும் பிரிந்துவிடாமல் மெழுகு நூலின் நுனிகளைப் பிடித்து, ஊசியில்லாமல் விரலாலேயே மூன்று முடிச்சுப் போட்டாள். பல்லால் இழுத்து இறுக்கினாள்.

மூன்று இருபதுக்கு எலியோ கோட்டை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினான். உள்சட்டை வெள்ளையாக வெளியே வந்தது. காலர் அசையவில்லை. அவன் இன்னொரு தடவை தூக்கினான், பிறகு இன்னொரு தடவை.

ஊர்வலம் போகிற வழியில், கொத்தளத்து வாசலில், தேர்வுக்குழுவின் ஒர்த்தென்சியா வான்யோலி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஊருக்கே புரொஃபசரம்மா. அந்த நகல் படத்தைத் தெல்ஃபீனாவுக்குக் கொடுத்ததும் அவர்தான். எலியோவின் குதிரையை நிறுத்தச் சொல்லி எழுந்து வந்தார். பின்னால் மற்ற மூன்று பேட்டைக்காரர்களும் கழுத்தை நீட்டினார்கள்.

"வியாழக்கிழமை இது மூடியிருந்துச்சு."

"ஆமா புரொஃபசரம்மா," என்றாள் குதிரைக்குப் பக்கத்தில் காப்டனோடு நின்ற தெல்ஃபீனா. "நான்தான் திறந்தேன்."

"எதால?"

"கத்தரியால. என் ஊசி படல."

பூதக்கண்ணாடி அக்குளின் விளிம்பில் ஊர்ந்தது. வெட்டின ஆழத்தில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அந்த அம்மாள் இரண்டு நகங்களால் எதையோ பிடித்து இழுத்தார். நகத்துண்டு நீளத்துக்கு வெள்ளை நூல். அவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தும் ஒன்று தங்கிவிட்டது. காப்டன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"உங்களை நான் எதுவும் கேக்கல," என்றார் புரொஃபசரம்மா, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் கேட்டா நீங்க சொல்லணும். நீங்க சொன்னா நான் எழுதணும்." பிறகு தெல்ஃபீனாவைப் பார்த்தார். "இது யாருது?"

"என்னுது இல்லம்மா. இனிமே கோட்டுலயும் இல்ல."

முரசு நின்றிருந்தது. அந்த அம்மாள் நூலை விரல் நுனியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊதிவிட்டார். வீரன் மேல் இருக்கிற உடுப்பில் முத்திரைக்குப் பிந்திய நூல் இருக்கக்கூடாது என்பதுதான் சட்டம், இப்போது இல்லை, போகலாம் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஆனால் பிரபுவின் கோட்டில் குதிரைக்காரன் கை இருக்கிறது, அதனால் சிறந்த உடுப்பைத் தைத்தவருக்குக் கொடுக்கிற வெள்ளித் தையல் விரலுறைப் போட்டியில் இது சேராது என்று எழுதிக்கொண்டார். ஆறு வருஷமாகத் தெல்ஃபீனா கனவு கண்ட விரலுறை அது. சரி என்று தலையாட்டினாள். வலிக்கத்தான் செய்தது.

பந்தயத்தில் அவள் வளையத்தைப் பார்க்கவில்லை. எலியோவின் காலரையும் இடுப்பையும் மட்டும் பார்த்தாள். முதல் சுற்றில் கை தூக்கியது, அக்குளில் வெள்ளை பளிச்சிட்டது, காலர் அதன் இடத்தில் இருந்தது. கூட்டம் கத்திய பிறகுதான் வளையம் கிடைத்தது தெரிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது சுற்றில் வளைவுக்கு முன் கொடி ஒன்று காற்றில் அடித்துக்கொள்ள, குதிரை மிரண்டு காலை மாற்றியது. ஈட்டி ஒரு சாண் தள்ளிப் போனது. காலர் அப்போதும் அசையவில்லை. கோட்டைவாசல்காரன் மூன்றையும் கோத்துக்கொண்டு போனான்.

கிணற்றடியில் பந்தி போட்டிருந்தார்கள். சுட்ட பன்றிக்கறியும் ரொட்டியும் மேஜையில் வந்துகொண்டிருக்க, தோற்ற கூட்டம் பேசித் தீர்த்தது. குதிரையைத் திட்டினார்கள், குதிரை விற்றவனைத் திட்டினார்கள், மணல் ஈரம், கொடி கட்டினவன் குருடன் என்றார்கள். தெல்ஃபீனா வாய்க்குள் போன ரொட்டியை மெல்லாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போது கோட்டு என்ற வார்த்தை வரும், எப்போது வரும் என்று. அது வரவில்லை. எலியோ இன்னும் கோட்டைக் கழற்றவில்லை. எதிரே மூன்று பேரைத் தாண்டிக் கையை நீட்டி ஒயின் ஜாடியை எடுத்தான், பேச்சு மும்முரத்தில் ஜாடியைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே குதிரையைத் திட்டினான். காப்டன் அவனுடைய அக்குளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பார்வையைத் தட்டில் இறக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஃபுல்வியோ பெட்டியோடு வந்தார். ஜெயித்த பேட்டைக்காரர், முகத்தில் சந்தோஷத்தை அடக்கப் படாதபாடு பட்டார். அவள் காபி வைத்தாள். அவர் கோட்டைவாசல் கொண்டாட்டத்தைக் கொஞ்சம் சொன்னார், எங்கள் குதிரையைப் பற்றி அவர்கள் கட்டின பாட்டை மிச்சம் வைக்காமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டு, கோட்டைப் பற்றி உங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

ஃபுல்வியோ ஒரு வருஷத்து ஜாக்கிரதையை மறந்துவிட்டு, நிஜமாகவே யோசித்தார்.

"எந்தக் கோட்டு?" என்றார்.

தெல்ஃபீனா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். காபி பொங்கி வழிந்தது. அவள் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். ஃபுல்வியோ பயந்து எழுந்து வந்து அடுப்பை அணைத்தார்.